தூக்கம் குறையும்போதே கவனிக்கலாம்

காலையில் எரிந்து விழுந்துவிட்டு மாலையில் சிரித்துப் பேசுகிறவரைப் பார்த்து "அவனுக்கு பைபோலார்" என்று சொல்லிவிடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அன்றாட மனமாற்றம் இந்த நோய் அல்ல. பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறில், மேனியா என்கிற எழுச்சி நிலை பெரும்பாலும் ஒரு வாரமாவது நீடிக்கும். மனச்சோர்வு வந்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாது; மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. உலகில் சுமார் 4 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எழுச்சி நிலையைப் பல வீடுகளில் நோயாகவே நினைப்பதில்லை. மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்தவர் களைப்பே இல்லாமல் பத்து வேலைகளைத் தொடங்குகிறார். பேச்சு வேகமெடுக்கிறது. புதுத் தொழில் என்று கடன் வாங்குகிறார், நகையை அடகு வைக்கிறார், தடுத்தால் சீறுகிறார். தெய்வம் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று நம்புமளவுக்குச் சிலருக்கு முற்றும். லேசான எழுச்சியாக இருந்தால் "இப்பதான் நல்லா சுறுசுறுப்பா இருக்கான்" என்று வீடே மகிழ்கிறது. அதனால் பலரும் மருத்துவரிடம் போவது மனச்சோர்வு வந்த பிறகுதான். சொல்வதும் அதை மட்டும்தான். இதில் ஆபத்து இருக்கிறது. முந்தைய எழுச்சி தெரியாமல் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், அதுவே சிலரை மேனியாவுக்குத் தள்ளிவிடக்கூடும். தூக்கமே தேவைப்படாமல் துள்ளித் திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்திருந்தால், முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சைக்கு அடித்தளம் மருந்துதான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதிய கட்டுரையால் வெளிச்சத்துக்கு வந்த லித்தியம் இன்றும் முக்கிய மருந்துகளில் ஒன்று. இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மேனியா உச்சத்தில் இருப்பவரை உட்கார வைத்து கவுன்சலிங் செய்வதால் பயனில்லை. முதலில் மருந்தால் தணிக்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் பேச்சு எதற்கு? கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். எழுச்சியின் அந்த உற்சாகத்தை மனம் தேடும். "ஆயுசுக்கும் தூக்க மாத்திரையா?" என்று உறவினர்களும் கேட்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பெரிய பாடநூலை இன்னொருவருடன் சேர்ந்து எழுதியவர். அவருக்கே இந்த நோய் உண்டு. லித்தியத்தை விட்டுவிட்டு, தற்கொலை முயற்சி வரை போய் மீண்டதை 1995இல் வெளியான தன் நினைவு நூலில் மறைக்காமல் எழுதினார். மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்ந்தே தன்னைக் காத்தன என்கிறார். இவ்வளவு அறிந்தவருக்கே மருந்தை ஏற்றுக்கொள்ளத் துணை தேவைப்பட்டது என்றால், மற்றவர்களை "ஒழுங்கா மாத்திரை போடு" என்று அதட்டி என்ன ஆகப்போகிறது?

உளவியலாளர் முதலில் செய்வது, ஒருவருக்கு அடுத்த அலை எப்படித் தொடங்கும் என்பதை அவரோடு சேர்ந்து தேடுவது. ஒருவருக்குத் தூக்கம் குறையும். இன்னொருவர் நள்ளிரவில் பழைய நண்பர்களையெல்லாம் போனில் அழைப்பார். அந்த அறிகுறிகள், உடனே யாரிடம் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது எல்லாம் ஒரு தாளில் ஏறும். 1999இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், இப்படிப் பயிற்சி பெற்றவர்களுக்கு மேனியா திரும்புவது தள்ளிப்போனது. மனச்சோர்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பார்சிலோனாவில் மருந்தோடு 21 குழு வகுப்புகளில் நோயைப் பற்றிப் படித்தவர்களை, சும்மா கூடிப் பேசிய குழுவினரோடு ஒப்பிட்டார்கள். 2003இல் வந்த அந்த முடிவுகளின்படி, படித்தவர்களுக்கே நோய் குறைவாகத் திரும்பியது. ஆறுதலோடு அறிவும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிகிச்சை முறை அன்றாட ஒழுங்கைப் பற்றிக்கொள்கிறது: எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் மாறாமல் இருப்பது. நைட் ஷிஃப்ட், கல்யாண வீட்டில் கண் விழிப்பது, இரவுப் பயணம் எல்லாம் பைபோலார் உள்ளவருக்குச் சின்ன விஷயங்கள் அல்ல.

குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடமுண்டு. மனச்சோர்வில் கிடப்பவரை "சோம்பேறி", "நடிக்கிறே" என்று குத்திக்காட்டும் வீடுகளில் நோய் அடிக்கடி திரும்புகிறது. ஆனால் நல்ல மனத்தோடு செய்யும் இன்னொரு தவறும் வலிக்கும். அவர் கொஞ்சம் உரக்கச் சிரித்தாலோ நியாயமாகக் கோபப்பட்டாலோ, "இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்பது. அவர் உணர்வு எல்லாமே நோயாகிவிட்டால், அவர் உண்மையான அறிகுறிகளையும் மறைக்கத் தொடங்குவார்.

எழுச்சியில் இருப்பவர் தனக்கு நோய் என்பதையே ஏற்கமாட்டார். ஆகவே ஏடிஎம் கார்டை யார் வைத்திருப்பது, வண்டிச் சாவியை எப்போது கொடுத்துவிடுவது என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போது அவரே முடிவு செய்யட்டும். இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.