பண்டிகைப் பட்டியலில் உங்கள் நாள் இருக்கிறதா?

வருடப் பிறப்பையொட்டி கம்பெனி அறிவிப்புப் பலகையில் விடுமுறைப் பட்டியல் ஒட்டுவார்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று போகும் அதில் தன் பண்டிகை இல்லை என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம்கூடச் சொல்லாமல் நகர்ந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களோடு, 5 பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். அன்று வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு ஒரு மாற்று விடுமுறை. அந்த 5 பண்டிகைகள் எவை என்று சட்டம் சொல்லவில்லை. தொழிலாளர்களையும் கலந்துதான் முடிவாக வேண்டும். பல இடங்களில் போன வருடப் பட்டியலையே தேதி மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே ஒட்டிய பிறகு வருந்துவதைவிட, டிசம்பரிலேயே ரம்ஜானோ கிறிஸ்துமஸோ வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். சங்கம் இருந்தால் அதன் வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது. ரம்ஜானுக்கு விடுப்பு கேட்கும்போது, பிறை தெரிவதைப் பொறுத்து தேதி ஒரு நாள் தள்ளலாம் என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். கடைசி நேர வாக்குவாதம் மிச்சமாகும்.

விடுமுறையைத் தாண்டினால் சட்டம் மெலிந்துவிடுகிறது. அரசு வேலையில் மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 16(2) பிரிவு. மீறினால் உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் முதலாளியை அந்தப் பிரிவு கட்டாது. வேலையில் மதப் பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றது. ஆனாலும் தனியார் வேலைக்கென்று பொதுவான சட்டம் வரவில்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

அதனால் பல விஷயங்கள் பேசித்தான் தீர வேண்டியிருக்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் செருப்பில்லாமல் வருகிறார். பட்டறையிலோ பாதுகாப்புக் காலணி கட்டாயம். இதில் காலணியை விட்டுக்கொடுக்கவே கூடாது, கால் போனால் திரும்பாது. ஆனால் அந்த 41 நாளுக்கு அவரைக் காலணி தேவைப்படாத பிரிவுக்கு மாற்றலாமே! நோன்பு திறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் இடைவேளை, ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறவருக்கு ஷிப்ட் மாற்றம் என்பவையும் இப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டமே தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்குத் தருகிறது. வாய்மொழியாகப் பேசி முடிந்தாலும் ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலாளர் மாறினால் அதுதான் உங்கள் கையில் நிற்கும்.

ஆயுத பூஜைக்கு வசூல் செய்வது, பூஜையில் நிற்கும்படி வற்புறுத்துவது, ஜெபக் கூட்டத்துக்கு அழைத்து வராதவரை ஓரங்கட்டுவது எல்லாமே தவறு. எந்த மதத்தவர் செய்தாலும் தவறுதான். விருப்பமில்லாதவர் ஒதுங்கி நிற்க இடம் இருக்க வேண்டும்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் உங்கள் மதத்தை இழிவுபடுத்திச் செய்தி வந்தால், குழுவை விட்டு வெளியேறும் முன் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். முதலில் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 பிரிவுகள் பொருந்தக்கூடும். ஆனால் அந்த உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். எரிச்சலில் வந்த ஒற்றைச் சொல்லுக்கெல்லாம் வழக்கு நிற்காது. சிறுபான்மையினர் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். விடுமுறைச் சட்டத்தை மீறினால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போக வேண்டும். எங்கே போனாலும், கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.