கொழுப்புணவும் குருதிச் சோதனையும்

குருதிச் சோதனையின் முடிவைக் கண்ட மாத்திரத்தே நோயுண்டு என்றோ இல்லை என்றோ தாமே துணிவார் பலர். அம்முடிவில் நோயின் சாயலோடு உணவின் சாயலும் கலந்திருத்தலை அவர் எண்ணுவதில்லை. இக்காலத்திற் பலரும் கைக்கொள்ளும் 'கீட்டோ' உணவுமுறையைக் கொண்டு இதனை விளக்குதும்.

இம்முறை புதியதன்று. பட்டினி கிடக்கையில் வலிப்பு நோய் தணிதலைக் கண்ட மருத்துவர்கள், பட்டினியின்றியே அப்பயனைப் பெற வழி தேடினர். 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த இரசல் வைல்டர் என்பார், கொழுப்பு மிகுந்தும் மாப்பொருளும் சீனியும் மிகக் குறைந்தும் உள்ள உணவினை இதற்கென எடுத்துரைத்தார். இன்று உடற்பருமனைக் குறைக்க விழைவோரும் நீரிழிவுடையோரும் இதனை நாடுகின்றனர். இதன்கண் காபோவைதரேற்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கு மேற்படலாகாது. 100 கிராம் சோற்றில் அது ஏறக்குறைய 28 கிராம் உண்டு என்பதை நோக்கின், இக்கட்டுப்பாட்டின் கடுமை புலனாகும்.

மாப்பொருள் குறையவே இன்சுலின் சுரப்பும் குறைகின்றது. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்க, ஈரல் அதிலிருந்து கீற்றோன்கள் என்னும் பொருள்களை ஆக்கிக் குருதியில் விடுகின்றது. இம்மாற்றமே சோதனைத் தாளிற் பலவாறாகத் தோன்றுகின்றது.

முதலாவது, குருதிக் கொழுப்பு. திரைகிளிசரைட்டு பெரும்பாலும் குறையும், எச்.டி.எல். சற்று உயரும். எல்.டி.எல். சிலருக்கு மாறாதிருக்கும், வேறு சிலருக்கு, சிறப்பாக மெலிந்த உடலினர்க்கு, மிக உயர்தலும் உண்டு. முன்னைய இரண்டின் நன்மையைக் காட்டி இவ்வுயர்வைப் புறக்கணித்தல் தகாது. நாடிகளிற் கொழுப்புப் படிதற்கு ஏதுவாவது எல்.டி.எல்லே.

இரண்டாவது, சிறுநீரகம் பற்றிய சோதனைகள். கீற்றோன்களும் யூரிக்கமிலமும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுதற்குப் போட்டியிடுதலின், முதற் சில வாரங்களில் யூரிக்கமிலம் உயரக்கூடும்; பின்னர் அது பெரும்பாலும் தணியும். சமைத்த இறைச்சியை மிகுதியாக உண்டபின் குருதி எடுப்பின் கிரியற்றினின் சிறிது நேரம் உயர்ந்து தோன்றும்.

மூன்றாவது, குளுக்கோசுச் சோதனை. பெரிதும் மயங்குதற்கு இடமாவது இதுவே. நீரிழிவை அறிதற்கு 75 கிராம் குளுக்கோசைப் பருகச் செய்து, இரண்டு மணி நேரத்தின் பின் குருதியைச் சோதிப்பர். நெடுநாள் மாப்பொருளைத் தவிர்த்த உடல், அத்துணைக் குளுக்கோசை ஒருங்கே ஏற்று உடனே கையாள மாட்டாது. அதனால் நீரிழிவில்லாதாரும் நீரிழிவுடையார் போலத் தோன்றக்கூடும். இது பற்றியே சோதனைக்கு முன் மூன்று நாளேனும், நாளொன்றுக்குக் குறைந்தது 150 கிராம் காபோவைதரேற்று உண்ணவேண்டும் என்பது விதி. சோற்றையும் பிட்டையும் வழக்கமாக உண்பார்க்கு இவ்விதி தானே நிறைவேறும். கீட்டோ உணவினர்க்கு நிறைவேறாது.

இறுதியாக, கீற்றோன் அளவு. இவ்வுணவை உண்பாரிடத்து அது பெரும்பாலும் லீற்றருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை நிற்கும். இன்சுலின் ஓரளவேனும் சுரத்தலால் மேலும் பெருகாது தடைப்படும். இன்சுலின் அற்ற நீரிழிவாளரிடத்து அத்தடை நீங்கவே, குருதி அமிலத்தன்மையுற்று உயிருக்கே இடர் நேரும். சிறுநீர்வழிச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிபுளோசின் முதலிய குளிசைகளை உட்கொள்வோர்க்கு, குருதிச் சர்க்கரை மிக உயராதபோதும் இவ்விடர் நேரலாம். ஆதலின் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்பன தோன்றின் 'உணவின் விளைவே' என்று அமைந்திராது உடனே வைத்தியசாலையை நாடல் வேண்டும். இன்சுலின் ஏற்றுவோர் மருத்துவரைக் கேளாது இவ்வுணவைத் தொடங்கின், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி வீழ்தலும் கூடும்.

எனவே இவ்வுணவைத் தொடங்குமுன் ஒரு முறை குருதியைச் சோதித்து, அத்தாளைப் பேணி வைத்தல் நன்று. பின்னர் வருவனவற்றை அதனோடு ஒப்பிடலாம். சோதனைக்குச் செல்லுந்தோறும், உண்ணும் உணவு யாது, எத்தனை வாரமாக உண்கின்றோம், உட்கொள்ளும் மருந்துகள் எவை என்பவற்றை மருத்துவர் கேளாவிடினும் நாமே கூறல் வேண்டும். அவற்றை அறிந்த மருத்துவரே உணவால் வந்த மாற்றத்தையும் நோயால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய வல்லவராவர்.