விளையாட்டுப் பெட்டியும் இட்லிப் பானையும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

“வீடியோ கேம்” என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்களின் நெற்றி சுருங்குகிறது. இளைஞர்களின் கண்கள் விரிகின்றன. ஒரே பொருள் ஒரு வீட்டில் இருவருக்கு இருவேறு உணர்ச்சியைத் தருகிறது என்றால், அதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நல்லதல்லவா? அண்மை ஆண்டுகளில் வெளிவந்த மூன்று விளையாட்டுகளை ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் என் மனத்தில் பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். நான் இத்துறையில் வல்லவன் அல்லன். சொந்தமாக ஒரு பொறிகூட என்னிடம் இல்லை. ஆடியவை எல்லாம் இரவலும் வாடகையும்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

விளையாடுவதற்கென்றே செய்யப்பட்டு, தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் கணினியைத்தான் “கன்சோல்” என்கிறோம். வீட்டு உபயோகத்திற்காக விற்பனைக்கு வந்த முதல் கன்சோல், 1972-இல் அமெரிக்காவில் வெளியான மேக்னவாக்ஸ் ஒடிஸி. அதில் ஒலி கிடையாது, வண்ணமும் கிடையாது. வெள்ளைப் புள்ளிகள் மட்டும் திரையில் நகரும். காட்சி வேண்டுமானால் வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தொலைக்காட்சிக் கண்ணாடியின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்! ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனம், 1983-இல் ஃபேமிகாம் என்ற பொறியை வெளியிட்டது. கையிலும் வைத்து ஆடலாம், தொலைக்காட்சியிலும் இணைக்கலாம் என்ற வசதியுடன் அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்டதுதான் ஸ்விட்ச்.

திரைப்படத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே எடுக்கப்பட்டவை. நாம் கைதட்டினாலும் அழுதாலும் அவை மாறுவதில்லை. கன்சோலிலோ ஒவ்வொரு படமும் அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. நாம் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று பொறி முதலில் பார்க்கிறது. அதனால் என்ன நிகழும் என்று கணக்கிடுகிறது. பிறகு அதைப் படமாக வரைகிறது. நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில் இந்த மூன்று வேலைகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் படம் தடுக்கித் தடுக்கி நகரும். “கேம் மாட்டுது” என்று நாம் சொல்வது இதைத்தான்.

பெரியவர்கள் இல்லாத ஊர்

முதலில் “கிளேர் ஓப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33”. பிரான்சின் மோன்பெலியே நகரில் உள்ள சாண்ட்ஃபால் என்ற புதிய நிறுவனம் இதைச் செய்து 2025 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் “தி கேம் அவார்ட்ஸ்” விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் பெற்றது. ஒளியையும் நிழலையும் எதிரெதிராக வைத்துத் தீட்டும் ஓவிய முறைக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரே இதன் தலைப்பு. நம் நகரில் ஒரு விளையாட்டு நிலையத்தில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து இதை ஆடினேன்.

கதை விசித்திரமானது. ஒரு மாய ஓவியப் பெண் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கல்லில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதை எட்டிய அனைவரும் காற்றில் கரைந்துவிடுகிறார்கள். எண் ஆண்டுதோறும் ஒன்று குறைகிறது. கதை தொடங்கும்போது அது 33 ஆகிறது. அந்த ஊரில் தாத்தா இல்லை, பாட்டி இல்லை. என் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த ஊரில் அவர் கரைந்து நான்கு ஆண்டு ஆகியிருக்கும் என்று எண்ணியபோது கையில் இருந்த பொறியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டேன்.

சண்டைக் காட்சிகளில் எதிரி வாளை வீசும்போது சரியான கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும். நான் எப்போதும் பிந்தினேன். ஏன் என்று அறிய நம் ஆய்வுக்கூடத்து அளவுகோலே உதவியது. நண்பன் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துச் சொல்லாமல் விட, நான் இரு விரலால் பிடித்தேன். சராசரியாக 20 செ.மீ. விழுந்த பிறகே பிடிக்க முடிந்தது. தடையின்றி விழும் பொருளுக்கான சூத்திரத்தில் இதை இட்டால் நேரம் 0.2 நொடி என்று வரும். அதாவது பொறி 12 படங்களை வரைந்து முடித்த பிறகே என் விரல் அசைகிறது! ஆகவே வாளைக் கண்ட பிறகு அழுத்தினால் பயனில்லை. எதிரி தோளைத் தூக்கும் விதத்தையும் எழும் ஓசையையும் கொண்டு முன்கூட்டியே கணிக்க வேண்டும். வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளர் செய்வதும் இதுவே. கண் அறிவதற்கு முன்னே கை அறிந்திருக்க வேண்டும். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டு முயற்சி

அடுத்தது “ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்”. புனே நகரைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் என்ற சிறிய குழு செய்து 2020-இல் வெளியிட்டது. 2017-இல் பொதுமக்களிடம் இணையவழியாக நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டாமல், அதன் பின்னும் மனம் தளராமல் முடித்த வேலை இது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடி ராஜி என்ற பெண் செல்கிறாள். துர்க்கையும் திருமாலும் அவள் கதையை உரையாடிக்கொண்டே சொல்கிறார்கள். இடையிடையே நிழற்பாவைக் கூத்துப் போலக் காட்சிகள் வருகின்றன. இராஜஸ்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் மதில்களில் ராஜி தாவி ஓடும்போது, நம் கோயில் பிரகாரங்களிலும் இப்படி ஓடினால் எப்படி இருக்கும் என்ற ஆசை பிறக்கிறது. குறையும் சொல்ல வேண்டும்: சண்டைகள் சற்று விறைப்பாக இருக்கின்றன, கதை திடீரென்று முடிந்துவிடுகிறது. ஆயினும் நம் நாட்டுக் கைகளும் இதைச் செய்ய முடியும் என்று காட்டியதற்காக அதை மதிக்கிறேன்.

வெண்பா

மூன்றாவதைப் பற்றி எழுதத்தான் இக்கட்டுரையையே தொடங்கினேன். அதன் பெயர் “வெண்பா”. யாப்பிலக்கணத்தில் நாம் படித்த அதே வெண்பாதான். இங்கே ஒரு தாயின் பெயர். கணவர் பாவலன், மகன் கவின். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள “விசை” என்ற குழு 2023 ஜூலை 31 அன்று இதை வெளியிட்டது. இயற்பியல் மாணவனுக்கு அந்தக் குழுவின் பெயரே இனிக்கிறது! 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

இதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 1988-இல் கனடாவில் குடியேறி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்க்கை சமையல் வழியாகச் சொல்லப்படுகிறது. வெண்பாவிடம் தன் தாயின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. அது கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை நாமே சமைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லியில் தொடங்கிப் புட்டு, பிரியாணி என்று தொடர்கிறது. மகனோ வளர வளரத் தாய்மொழியிலிருந்தும் தாயின் சமையலிலிருந்தும் விலகிக்கொண்டே போகிறான். ஆடி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

இதை நான் கண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம் ஊரில் பல உண்டு. முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீடும் அப்படிப்பட்டதே. 2025 ஜூலை விடுமுறைக்கு அந்த வீட்டுப் பேரன் பாரிஸிலிருந்து வந்தான். பதின்மூன்று வயது, கையில் ஒரு ஸ்விட்ச். தமிழ் புரியும், பேசுவது தட்டுத் தடுமாறித்தான், படிக்கத் தெரியாது. அவன் பொறியில் எழுத்துகள் எல்லாம் பிரெஞ்சில் ஓடின. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் பிரெஞ்சைப் படித்து அரைத் தமிழில் சொல்ல, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தார்.

முதல் சமையலிலேயே அகப்பட்டுக்கொண்டோம். மாவு ஊற்றிய தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற குறிப்பு அழிந்திருந்தது. அவன் அடுக்கினான், தவறு. நான் வாங்கி அடுக்கினேன்; அதுவும் தவறு. அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏண்டா, குழிக்கு நேரா குழி வச்சா ஆவி எங்கடா போவும்? ஒரு தட்டைத் திருப்பி வக்கச் சொல்லு.”

பையன் திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. அவன் வியப்போடு, “அத்தை, நீங்க இந்த கேம் முன்னாடி ஆடியிருக்கு?” என்று கேட்டான்.

“இருவது வருஷமா ஆடிக்கிட்டுத்தான் கண்ணு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அம்மா உளுந்துக்குத் திரும்பினார்.

நண்பர்களே, இதில் இருக்கும் அறிவியலைப் பாருங்கள். ஒரு கிராம் நீர் ஒரு செல்சியஸ் டிகிரி குளிரும்போது வெளியிடும் வெப்பம் சுமார் 4.2 ஜூல்தான். ஆனால் 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவி, குளிர்ந்த மாவின்மேல் பட்டு நீராக மாறும்போது சுமார் 2,260 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது இதையே. இட்லியை வேகவைப்பது கீழே கொதிக்கும் நீரன்று. மேலே வந்து படியும் ஆவியே. கீழ்த்தட்டின் குழி மேல்தட்டின் குழிக்கு நேராக நின்றால் ஆவியின் வழி அடைபடுகிறது. கீழ்த்தட்டின் துளைக்கு நேராக மேல்தட்டின் குழி வந்தால் ஆவி தடையின்றி ஏறுகிறது. இந்தக் கணக்கைத் தேர்வில் பிழையின்றிப் போட்டவன் நான். தட்டை அடுக்கத் தெரியாதவனும் நானே. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கண் அறிவதற்கு முன்னே கை அறிந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இங்கே பொருந்துகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா வாசலில் வைத்திருக்கும் இட்லிக் கடைதான் என்னைப் படிக்கவைக்கிறது. முதலாண்டு முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோது, “அம்மா வீட்டில் இருக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆண்டு முழுவதும் எந்த நண்பனையும் காலை வேளையில் வீட்டுக்கு அழைத்ததில்லை. பிறகு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, “வெண்பா”வை நானே முழுவதும் ஆடினேன். கவின் தாயை விட்டு விலகும் காட்சிகளில் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் நினைத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்தேன். நினைவுக்கு வந்தது அவன் அல்லன். அவனாவது வேறு நாட்டில் வளர்ந்தவன். நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு விலகியவன்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் உடனே விளையாட்டு நிலையத்துக்கு ஓடிவிட வேண்டாம். முதலாண்டு இரண்டாம் பருவத் தேர்வுக் காலத்தில் பேருந்துக்கும் மதிய உணவுக்கும் அம்மா தந்த பணத்தை அங்கேதான் கரைத்தேன். கணிதத்தில் அரியர் விழுந்தது; அடுத்த முயற்சியில்தான் தேறினேன். “இன்னும் ஒரு சண்டை” என்று சொல்லவைப்பதில் இவ்விளையாட்டுகள் தேர்ந்தவை. விளையாட்டில் கட்டுப்பாடு இழப்பதை ஒரு கோளாறாக உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று: பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டம் வேறு, நான் எழுதியவை வேறு. அத்தகைய பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பெரியவர்கள் அஞ்சுவதும், இரண்டையும் ஒன்றாக எண்ணி இளைஞர்கள் இறங்குவதும் தவறு.

நாம் செய்யக்கூடியது

நூல் சொல்லித் தருகிறது, திரைப்படம் காட்டுகிறது, விளையாட்டு நம் கையாலேயே செய்யவைக்கிறது. ஆகவே கையில் மட்டுமே வாழும் அறிவைக் காப்பாற்றுவதற்கு இதைவிட ஏற்ற சாதனம் வேறில்லை என்பது என் எண்ணம். வைத்திக்குப்பத்தில் வலை பின்னுபவரின் முடிச்சும், வில்லியனூர்ப் பக்கத்துச் சுடுமண் சிற்பியின் விரல் அழுத்தமும் எந்தப் பாடநூலில் இருக்கின்றன? அவர்கள் இல்லாத ஊர் ஒரு நாள் வந்தால், குறிப்பேட்டின் அழிந்த வரியை யாரிடம் கேட்பது?

கோடோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணக் கணினியிலேயே அதில் சிறு விளையாட்டுகளைச் செய்யலாம். கணினித் துறை நண்பர்கள் நிரல் எழுதட்டும். தமிழ்த் துறையினர் உரையாடல் எழுதட்டும். நாங்கள் ஆவிக்கும் வெப்பத்துக்கும் கணக்குப் போட்டுத் தருகிறோம். அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் ஒரே ஒரு சிறு விளையாட்டைச் செய்து முடித்தாலும் போதும். பேராசிரியர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தட்டு அடுக்கும் முறையை நேரில் காண விரும்புவோர் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் எங்கள் வீட்டுக்கு வரலாம். வகுப்பு நண்பர்கள் நால்வர் முன்னமே வந்துபோயினர். அம்மா அவர்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். உங்களிடமும் மறுத்தால், தயவுசெய்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடை நடக்க வேண்டும்.