தொண்டரைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் நம் சங்கத்தின் மாலை வகுப்புக்குப் புதிய தொண்டர்களைப் பேட்டி கண்டு சேர்க்கிறோம். "இனாமாகச் சேவை செய்ய வருகிறவனுக்குப் பரீட்சை வேறா?" என்று சில நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் கட்டடத் தொழிலாளர் குடிசைகளிலிருந்து வரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். பின்னக் கணக்கைத் தொடங்கிவைத்த அண்ணன், தம் பரீட்சை நெருங்கியதும் சொல்லாமல் நின்றுவிட்டால், அவள் கணக்கை மட்டுமா இழக்கிறாள்? அடுத்து வரும் அக்காளையும் நம்பமாட்டாள்.

பொதுவாகப் பேட்டி என்றால், "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதும், அழகாகப் பேசுகிறவரை எடுத்துக்கொள்வதுமே வழக்கம். ஊழியர் தேர்வு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான கணக்கொன்று இவ்வழக்கத்தின் மதிப்பைக் காட்டுகிறது. பேட்டியில் தோன்றிய தகுதிக்கும் பின்னர் வேலையில் கண்ட திறமைக்கும் உள்ள பொருத்தம், மனம்போனபடி கேட்ட பேட்டிகளில் 0.19, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிட்டவற்றில் 0.42. முழுப் பொருத்தம் 1 என்பதை மறக்கவேண்டாம். (இப்படியொரு கருவியைச் சோதனைக்கூடத்தில் எங்கள் பேராசிரியர் மேசைமேல் வைக்கவிடார்!)

ஆகவே, ஒரே கேள்விகளைக் கேட்போம்; அவையும் நடந்ததைப் பற்றியனவாக இருக்கட்டும். "சென்ற ஆண்டு ஏற்ற பொறுப்பு எது? இடையில் தடை வந்தபோது என்ன செய்தீர்கள்?" பேட்டி காண்போர் இருவரும் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் எழுதிவிட வேண்டும், இல்லையேல் மூத்தவர் கருத்தே இருவர் கருத்தாகிவிடும். பிறகு ஒரு மாலை குழந்தைகளோடு உட்காரவைத்துப் பார்க்கலாம். ஹிந்தி சரியாக வராத நம்மவர் சிலர் நான்கு புளியங்கொட்டைகளைக்கொண்டே கால், அரை, முக்காலைப் புரியவைத்துவிடுகிறார்கள். சரளமாகப் பேசுபவர் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருப்பதும் உண்டு.

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தால் தவிப்பவர்களுக்கு உதவ முன்வந்தார். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருந்த தொண்டர்களிடமே பலர் மனத்தைத் திறந்துவிட்டனர். பாதிரியாரைக் காணும் தேவையே அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. அடுத்த ஆண்டே அவர் அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் வளர்ந்தது இவ்வாறுதான். நாவன்மையை மட்டும் பார்த்திருந்தால் அத்தேநீர்த் தொண்டரில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் அதை ஒரு வாரத்துக்குள் நேரில் சொல்லிவிடுவது முறை. பழைய புத்தகம் சேகரிக்கவும் வரவுசெலவு எழுதவும் இவ்வாண்டும் ஆட்கள் போதவில்லை. அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.