கோமாரி செய்யும் முதல் வேலை

புதுக்கோட்டை ஜில்லாவாசிகளுக்கு மாட்டின் மேலுள்ள அபிமானத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜல்லிக்கட்டுக் காளையைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள். அவர்களும் 'கோமாரி' என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுண்டிப்போவார்கள். வாயிலும் குளம்பிலும் கொப்புளம், பால் வற்றும், இளங்கன்றானால் இருதயமே பாதிக்கப்பட்டுத் திடீரென்று விழும்.

பிராணிகளைப் பற்றும் வைரஸ்களில் முதன் முதலாக 1898-ல் அறியப்பட்டது இதுவே. சுமார் 8,400 எழுத்துக்கள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. ஓலைதான் அதன் ஆஸ்தி. இவ்வளவு அற்பமான வஸ்து மாட்டை எப்படிச் சாய்க்கிறது?

அரண்மனை உத்தரவில் முத்திரை இருக்கிறது. அதைப் பார்த்துப் பட்டறையில் சேர்ப்பிக்க ஒரு காரியஸ்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயிரணுவில் உத்தரவு என்பது தூது ஆர்.என்.ஏ.; அதன் தலைப்பிலுள்ள 'தொப்பி' முத்திரை; புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பட்டறை; இ.ஐ.எப்.4ஜி என்ற புரதம் காரியஸ்தர். வைரஸ் உள்ளே புகுந்ததும் முதலில் செய்துகொள்ளும் சாமான்களில் ஒன்று, ஒரு கத்திரி. அது காரியஸ்தரை இரு துண்டாக்கிவிடுகிறது. மாட்டின் உத்தரவுகள் வாசலிலேயே தேங்குகின்றன. வைரஸின் ஓலைக்கோ முத்திரையே வேண்டாம்! வெட்டுண்ட துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு புழக்கடை வழியே பட்டறைக்குள் போய்விடும்.

இதனால் தடைப்படும் வேலைகளில் அவசரமானது இண்டர்பெரான் என்னும் புரதத்தின் தயாரிப்பு. திருடன் வந்துவிட்டான் என்று அண்டை அணுக்களுக்குக் கூவிச் சொல்வது அதுதான். அமெரிக்க விஞ்ஞானிகள் கத்திரி இல்லாத வைரஸ் ஒன்றை உண்டாக்கி மாடுகளில் செலுத்திப் பார்த்தார்கள், நோய் வலுக்கவில்லை.

கீரனூர்ப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒருவர், பால் குறைந்துவிடும் என்று பயந்து, தம் சினைப்பசுவுக்குத் தடுப்பூசி வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஊசியினால் பால் குறைவது சில நாட்களுக்கே. கோமாரி வந்தபோது படிகாரத் தண்ணீரால் பசுவின் வாயை வேளை தவறாமல் கழுவினார். பசு தேறிற்று, மூன்று வாரக் கன்று போய்விட்டது.

கூக்குரலை அடக்கிவிட்டே வேலையைத் தொடங்கும் இந்த வைரஸை அணுவுக்குள் புகுமுன்பே மடக்குவதுதான் நல்லது. செத்த வைரஸால் ஆன தடுப்பூசி அதற்கான எதிர்ப்பொருளை இரத்தத்தில் உண்டாக்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். கன்றுக்கு நான்கு மாதம் ஆகும் வரை ஊசி போடுவதில்லை. அதுவரை தாய்க்குப் போட்ட ஊசியின் பலனைச் சீம்பாலில்தான் அது குடிக்க வேண்டும்.