கற்ற மொழியில் மலர்ந்த கவிதை



உயர்தர வகுப்பிலே ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "சேர், தாய்மடியிற் கேளாத மொழியில் ஒருவர் நல்ல கவிதை எழுத முடியுமா?" முடியாது என்று உடனே சொல்லிவிட்டேன். தாய்மொழியின் பெருமையையே நாள்தோறும் பேசிவரும் எனக்கு வேறு விடை தோன்றவில்லை. பின்னர், லியம் ஓ முர்ஹிலே என்னும் ஐரிஷ் மொழிக் கவிஞரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் என் அவசரம் எனக்குப் புரிந்தது.

அவர் 1950இல் அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள கோர்க் நகரிற் பிறந்தவர். ஐரிஷ் அந்நாட்டின் முதலாவது உத்தியோக மொழி. ஆயினும் பெரும்பாலான வீடுகளிலும் வீதிகளிலும் ஒலிப்பது ஆங்கிலமே. ஓ முர்ஹிலேயும் ஆங்கிலச் சூழலில் வளர்ந்து, ஐரிஷைப் பள்ளிக்கூடத்திற் கற்றவர். ஏட்டிற் கற்ற மொழிக்கு உயிரூட்டியது, மேற்குக் கெரியில் அம்மொழி வழங்கும் டூன் குயீன் என்னும் கடலோரக் கிராமம். அங்குள்ளோர் வாயிலாக அதன் பேச்சோசை அவர் செவியில் ஏறியது.

கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஐரிஷும் பிரெஞ்சும் பயின்றார். அங்கே 1970இல் மைக்கேல் டேவிற் 'இன்டி' என்னும் கவிதை ஏட்டைத் தொடங்கினார். நூலா நீ கோனல் முதலானோருடன் ஓ முர்ஹிலேயும் அதில் எழுதினார். கிராமத்து முதியோரின் மொழி என எண்ணப்பட்டதில், நகரத்து இளைஞரின் காதலும் கேலியும் இடம்பெறலாயின.

பின்னர் அயர்லாந்தின் தேசிய ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்தின் செய்திப் பிரிவிற் பத்திரிகையாளராகச் சேர்ந்து 1993 வரை பணியாற்றினார். கவிஞனுக்குச் செய்தியறை பகையல்லவா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கவிஞன் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கலாம். செய்தி எழுதுபவனுக்கு அந்த அவகாசம் இல்லை. வரவு செலவுத் திட்டமோ விமான விபத்தோ, கேட்பவருக்கு அப்பொழுதே விளங்கவேண்டும். அந்தப் பயிற்சி சொல்லை இறுக்கமாகவும் தெளிவாகவும் ஆளக் கற்றுக்கொடுக்கும்.

அவருடைய முதற் கவிதைத் தொகுதி 'ரினே க்நாவ்' 1984இல் வெளிவந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எலும்புத் தீ'. வழக்கில் விழா நெருப்பு. நம் கோயில்களிற் கொளுத்தும் சொக்கப்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். புனித யோவான் திருநாளுக்கு முன்னிரவு கோர்க் நகரத் தெருக்களில் மூட்டப்படும் தீயே தலைப்புக் கவிதையின் களம். ஆங்கிலம் பேசும் தெருவின் நினைவு ஐரிஷ் மொழியிற் கவிதையாயிற்று!

1989 முதல் 2003 வரை 'ஐரிஷ் ரைம்ஸ்' பத்திரிகையில் அவர் எழுதிய வாராந்தப் பத்தியின் பெயர் 'சாதாரணப் பேனா' எனப் பொருள்படும். கவிதை, நாவல், நாடகம் எனப் பலவும் தந்தவர், 2018 மே மாதத்தில் மறைந்தார்.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவியிடம் என் விடையைத் திருத்திக் கொண்டேன். தாய்மடி பெரும்பேறுதான். ஆனால் ஒரு மொழி வாழ்வதற்கு அது மட்டும் போதாது. நாள்தோறும் அதில் உழைப்பவரும் வேண்டும். அவர் அம்மொழியை இடையிற் கற்றவராகவும் இருக்கலாம்.