கல்லூரி செல்லாமலே தொழிற்பயிற்சி: உதவித்தொகை உண்டு, வேலை உறுதியா?

பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரியில் சேராத இளைஞர்களுக்கும் நிறுவனங்களில் நேரடியாகத் தொழில் கற்க வாய்ப்பளிக்கிறது, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது கட்டாயம்.

குறைந்தபட்ச வயது 14. அபாயகரமான தொழில்களுக்கு 18. பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படும். 2016-இல் தொடங்கப்பட்ட தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், அதில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது.

ஆனால், பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். பயிற்சிக்குப் பின் அவரைப் பணியமர்த்துவது அந்தந்த நிறுவனம் வகுக்கும் கொள்கையைப் பொறுத்தது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், தகுந்த வேலை அளிக்க நிறுவனமும் கடமைப்பட்டுள்ளது. உதவித்தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவோர் கவனிக்கத் தவறும் பகுதி இது.

அந்த நிபந்தனை இல்லாதவர்கள், பயிற்சி முடித்துத் தேர்வில் வென்று பெறும் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழுடன் பிற நிறுவனங்களில் வேலை தேட வேண்டும்.